முந்தி வளர்ந்தவன்

ததேயுஸுக்குப் பதிமூன்று வயதிலேயே மீசை அரும்பிவிட்டது. கடியப்பட்டணத்தில் அவன் வயதுப் பையன்கள் நெஞ்செலும்பு தெரிய மணலில் திரிந்துகொண்டிருந்தபோது, இவன் தோளும் துடையுமாகத் திரண்டு, அப்பன் ஏசுஅடிமையின் உயரத்துக்கு வந்து நின்றான். குரலும் உடைந்துவிட்டது. கோயிலில் பாட்டுக்கு நின்றால், பின்வரிசை ஆம்பிளைகளோடு போய்ப் பாடு என்று உபதேசியார் தள்ளிவிட்டார். தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்டுகள் யாரோ வெளியூர் ஆண் என்று முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் வந்ததும், "எளவே, இது நம்ம வேளாங்கண்ணி அக்காக்க பயலுல்லா!" என்று சிரிப்பார்கள்.

அந்த வருஷத் திருநாளுக்கு முட்டத்துக்காரர்களோடு கடற்கரையில் பந்தாட்டம் நடந்தது. ஆடினவர்கள் எல்லோரும் கலியாணம் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும். ஆள் குறைந்ததால் ததேயுஸையும் இறக்கினார்கள். பந்து காலுக்கு வந்ததும் அவன் ஒன்றையும் யோசிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேரே ஓடினான். மறிக்க வந்த இரண்டு பேர் மணலில் உருண்டார்கள். அவன் அடித்த பந்து கோலுக்குள் புகுந்து, பின்னால் காயப்போட்டிருந்த வலையையும் தாண்டிக் கடலில் விழுந்தது.

பங்குச்சாமியாரின் விருந்தாளியாக அன்று கிருஷ்ணமணி வந்திருந்தார். நாகர்கோவில் பக்கம் பாதிரிமார் நடத்தும் ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர். சண்டைக்காலத்தில் பட்டாளத்தோடு மெசபொத்தாமியா வரை போய் வந்தவர், அதனால் நடையிலேயே ஒரு விறைப்பு. அவர் ததேயுஸைக் கூப்பிட்டு வயதைக் கேட்டார். அவன் சொன்னதை நம்பாமல் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையாட்டினார்.

"பதிமூணு வயசுல இப்பிடிண்ணா, பதினேழுல இவன் எப்பிடி இருப்பான்!" என்றார் கிருஷ்ணமணி.

கேட்டவர்கள் எல்லோரும் அதை நம்பினார்கள். ததேயுஸும் நம்பினான். வளர்ந்துகொண்டிருக்கிறவன் இன்னும் வளராமல் எங்கே போவான்?

தன் பள்ளி போர்டிங்கில் சேர்க்க அவனைத் தரும்படி மாஸ்டர் கேட்டபோது ஏசுஅடிமைக்குத்தான் மனசு வரவில்லை. "எனக்கு இருக்கது ஒரு ஆம்பிளப் பிள்ள. இவன் போயிட்டா கட்டுமரத்துல முன்பக்கம் துடுப்பு போட ஆரு வருவா?"

"நாலு வருஷம் பொறுத்துக்க. சாப்பாடும் படிப்பும் இனாம். பிள்ள படிப்பு முடிச்சு, பந்தும் அடிச்சு, போலீசுலயோ பட்டாளத்துலயோ சேந்துட்டா உன் குடும்பத்துக்கே விடிவுகாலம்" என்றார் சாமியார்.

ஏசுஅடிமை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளை அங்கே தனியாக இருக்கக் கூடாது, அண்டைவீட்டு ஜஸ்டஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜஸ்டஸுக்கும் அதே வயது. பார்க்க எட்டு வயதுப் பிள்ளை மாதிரி இருப்பான். ததேயுஸ் கிடைத்தால் போதும் என்றிருந்த கிருஷ்ணமணி அதற்கும் சம்மதித்தார். அப்படியே இருவரும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போர்டிங்குக்குப் போனார்கள். மரத்துக்குக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியதாயிற்று. அதை ஈடுகட்ட, அக்காள் லீமா மீன் நிறைந்த ஓலைக் கடவத்தைத் தலையில் சுமந்து திங்கள்சந்தைக்கு நடக்கத் தொடங்கினாள்.

போர்டிங்கில் முதல் சில நாட்கள் கடற்கரைப் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மீன் நாறுகிறது என்று மூக்கைப் பொத்தினார்கள். ததேயுஸ் முதல் ஆட்டம் ஆடினான். மறுநாள் அதே பையன்கள் அவனுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க இடித்துக்கொண்டு நின்றார்கள். ஜஸ்டஸுக்கு அந்தப் பெஞ்சின் ஓரம் கிடைத்தது.

அதற்குப் பிறகு ததேயுஸின் கால் ஓயவில்லை. சின்னப் பையன்கள் அணியிலும் அவன்தான், பெரிய பையன்கள் அணியிலும் அவன்தான். குண்டு எறியவும் கயிறு இழுக்கவும் ஓட்டப் பந்தயத்துக்கும் அவனையே கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால், டவுன் கிளப்புக்காரர்கள் வந்து மாஸ்டரிடம் கேட்டு அவனை இரவல் வாங்கிப் போனார்கள். திரும்பி வருகையில் வடையும் பழமும் கொடுத்துவிடுவார்கள். வகுப்பில் அவன் டெஸ்கில் தலை சாய்த்து உறங்கினால் கணக்கு வாத்தியார் எழுப்பமாட்டார். "சாயங்காலம் ஆட்டம் இருக்கு. பய ஒறங்கட்டும்" என்பார். அது தன்மேல் உள்ள பிரியம் என்று ததேயுஸ் நினைத்திருந்தான்.

ஒரு நாள் மாலை மைதானத்தின் ஓரத்தில் சின்னப் பையன்கள் வரிசையாக நின்று பந்தைப் பாதத்தின் உட்பக்கத்தால் நிறுத்திப் பழகிக்கொண்டிருந்தார்கள். நட்டுவைத்த கம்புகளுக்கு இடையே பந்தை உருட்டி உருட்டி வளைந்து ஓடினார்கள். பார்க்க ஆசையாக இருந்தது. ததேயுஸும் போய் வரிசையில் நின்றான். பந்து அவன் காலில் பட்டுத் தெறித்து எங்கோ போயிற்று. கிருஷ்ணமணி சிரித்துக்கொண்டே அவன் காதைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஏலே, இது சுண்டெலிகளுக்கு உள்ள வேல. ஒனக்கு என்னத்துக்கு? கடவுளு ஒனக்கு நெஞ்சத் தந்திருக்காரு, துடையத் தந்திருக்காரு. பந்தக் கண்டா நேர போ. எவன் குறுக்க வந்தாலும் இடிச்சுத் தள்ளு. அடி. அவ்வளவுதான்."

ததேயுஸுக்கு உச்சி குளிர்ந்தது. மறுபடி அவன் அந்த வரிசைப் பக்கம் போகவில்லை.

ஜஸ்டஸ் சுண்டெலிகளில் ஒருவன். பெரியவர்களோடு ஆடும்போது பந்து அவனுக்கு வராது. வந்தாலும் அடுத்த கணம் முதுகு மண்ணில் கிடக்கும். ஆகையால் அடுக்களைக்குப் பின்னால் தென்னைமரங்களுக்கு நடுவே, வாழைநாரைச் சுற்றிக் கட்டிய பந்தோடு அவனும் நாலைந்து பேரும் ஆடுவார்கள். அகப்பட்டால் எலும்பு மிஞ்சாது என்பதால் அகப்படாமல் இருக்க அவன் பழகிக்கொண்டான். ஆள் கிட்டே வருவதற்குள் பந்தை இன்னொருவனுக்குத் தட்டிவிடுவான். இல்லையென்றால் இடுப்பை ஒடித்து மரத்தைச் சுற்றிவருகிற மாதிரி ஆளைச் சுற்றி வந்துவிடுவான்.

மூன்றாம் வருஷம் ததேயுஸின் முழங்காலுக்குக் கீழே கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டது. மண்டியிட்டால் உயிர் போகும். பூசையில் எல்லோரும் முழங்கால் போடும்போது அவன் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்து நிற்பான். அடுக்களைக்காரர் உப்பு ஒத்தடம் கொடுத்தார். பள்ளிக்கு வந்துபோகும் டாக்டர் அமுக்கிப் பார்த்து, "வளருற எலும்பு. ஆறு மாசமாவது ஓடாம சாடாம இருக்கணும்" என்றார்.

"இந்தக் கப்புப் போட்டி முடியட்டும் டாக்டர்" என்றார் கிருஷ்ணமணி.

அந்தக் கப்பு முடிந்ததும் இன்னொரு கப்பு வந்தது. நிறுத்தச் சொல்லி ததேயுஸும் கேட்கவில்லை. வலியைச் சொன்னால் இடத்தில் வேறு ஒருவன் வந்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியாமலா இருந்தது?

பதினாறாவது வயதில் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பையன்கள் திரும்பியபோது அவன் ஒன்றைக் கவனித்தான். சாப்பாட்டு அறையின் வாசல் தாழ்வானது. எப்போதும் அவன் ஒருவன்தான் குனிந்து நுழைவான். அன்று அவனுக்கு முன்னால் போன ஒரு பையன் குனிந்தான். பின்னால் வந்தவனும் குனிந்தான். பக்கத்தில் உட்கார்ந்த ஜஸ்டஸ் பேசத் தொடங்கியதும் ததேயுஸ் திரும்பிப் பார்த்தான். குரல் கரகரத்திருந்தது. அந்தக் குரல் வந்த வாய் தன் கண்ணுக்கு நேராக இருந்தது. முன்பெல்லாம் அது அவன் தோளுக்குக் கீழே இருக்கும்.

"என்னடே அப்பிடிப் பாக்க?" என்றான் ஜஸ்டஸ்.

"ஒண்ணுமில்ல."

அடுத்த ஆட்டம் மேற்கிலிருந்து வந்த ஒரு பள்ளியோடு. முந்தின வருஷம் ததேயுஸ் இடித்து உருட்டின ஒரு பையன்தான் அன்றும் பின்வரிசையில் மறிக்க நின்றான். பந்து கிடைத்ததும் ததேயுஸ் எப்போதும்போல நேரே போனான். இடித்தான். அந்தப் பையன் விழவில்லை. ததேயுஸ்தான் பின்புறம் தரையில் படக் குந்தினான். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் புதிது. பந்து அதற்குள் மறுபக்கம் போய்விட்டிருந்தது. அவன் எழுந்து நின்று தன் கைகால்களைப் பார்த்தான். நேற்று இருந்த அதே கைகால்தான், ஒன்றும் குறையவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் வளர்ந்துவிட்டிருந்தார்கள்.

கிருஷ்ணமணி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "சோம்பல் வந்துட்டு ஒனக்கு. தின்னு கொழுத்துட்டே" என்றார். விடிவதற்கு முன் எழுப்பி, மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிப் பக்கத்துப் பொத்தைக் குன்றின் மேல் ஓடவிட்டார். தண்டால் எடுக்கச் சொன்னார், பச்சை முட்டையை வாயில் ஊற்றினார். முழங்காலில் இருந்த பாக்கு எலுமிச்சங்காயாயிற்று. ஓட்டம் இன்னும் குறைந்தது.

பிறகுதான் கெட்ட பேச்சு ஒன்று முளைத்தது. நன்றாக இருந்த பையன் இப்படி ஆவானேன்? ஏதோ கெட்ட பழக்கம். ரகசியப் பாவம். அதுதான் உடம்பை உருக்குகிறது. யார் முதலில் சொன்னார்களோ, போர்டிங் முழுவதும் அது பரவியது. வார்டன் சாமியார் அவனைத் தனியே கூப்பிட்டார். "மகனே, நல்ல பாவசங்கீர்த்தனம் ஒண்ணு செய். மறைக்காம சொல்லிட்டா சர்வேசுரன் பழைய பலத்தைத் திருப்பித் தருவார்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் ததேயுஸ், சாமியார் உள்ளே அமர்ந்திருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வலிக்கிற முழங்காலைப் போட்டு நின்றான். சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. உடம்பு அலுத்து விழுந்தால் விடிகிறவரை பிணம்போல உறங்குகிறவனுக்குப் பாவம் செய்ய நேரம் எங்கே இருந்தது? ஆனால் ஒன்றும் இல்லை என்று சொன்னால், தான் இளைத்ததற்குக் காரணமும் இல்லை என்றாகிவிடும். அது அவனுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

"சாமி, பீடி குடிச்சேன்" என்றான்.

"அவ்வளவுதானா?"

இழந்ததற்கு அந்தப் பாவம் போதாது என்று அவனுக்கே பட்டது. "ஒரு பிள்ளைய நெனச்சேன்... அடிக்கடி."

அழிக்கம்பிகளுக்குப் பின்னால் சாமியாரின் பெருமூச்சு கேட்டது. ஒரு முழுச் செபமாலையும் ஒரு நேர உபவாசமும் அபராதமாகக் கிடைத்தது. செய்யாத பாவத்துக்கு அவன் கண்ணீரோடு செபமாலை சொன்னான். மறுநாள் காலை எல்லோரும் எழுவதற்கு முன், ஜன்னல் கம்பிக்கு நேரே முதுகை ஒட்டி நின்று, உள்ளங்கையைத் தலைமேல் வைத்துப் பார்த்தான். உயரம் பழைய கம்பி மட்டத்தில்தான் இருந்தது.

இளைய மகாராஜா பட்டத்துக்கு வந்த வருஷம் திருவனந்தபுரத்தில் பெரிய போட்டி ஒன்று வந்தது. ததேயுஸுக்கு அப்போது பதினேழு. அணியில் யார் யார் என்று முடிவு செய்ய ஒரு பழக்க ஆட்டம் வைத்தார்கள். ததேயுஸ் ஒரு பக்கம், ஜஸ்டஸ் மறுபக்கம். ஜஸ்டஸ் இப்போது அவனைவிட அரையடி உயரம். தென்னைக்கு நடுவே பழகின கால் அப்படியே இருந்தது, அதோடு இந்த உடம்பும் வந்து சேர்ந்துவிட்டது. பந்து அவனிடம் நாய்க்குட்டி மாதிரி கூடவே வந்தது. ததேயுஸிடம் வந்த பந்து ஒவ்வொன்றும் தெறித்துப் போயிற்று. மைதான ஓரத்தில் கிருஷ்ணமணி, "ஜஸ்டஸ், கொள்ளாம்! கொள்ளாம்டே!" என்று மெச்சிக் கத்துவது அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஜஸ்டஸ் பந்தோடு வந்தான். அப்போது ததேயுஸின் கண் பந்தின் மேல் இல்லை. ஜஸ்டஸின் கெண்டைக்காலைப் பார்த்தான். அதை உடைத்துவிட வேண்டும் என்று தெளிவாக, வார்த்தைகளாகவே நினைத்தான். தலையைக் குனிந்துகொண்டு, இருந்த பலம் எல்லாவற்றையும் சேர்த்து நேரே போனான்.

ஜஸ்டஸ் அங்கே இல்லை. இடுப்பை ஒடித்து விலகிவிட்டிருந்தான். ததேயுஸின் கால் வெறும் காற்றில் வீசி, உடம்பு ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமுமாகத் திருகி விழுந்தான். உள்ளே ஏதோ நார் கிழிகிற சத்தம் அவனுக்குக் கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஜஸ்டஸும் இருந்தான். போர்டிங்கின் சீக்கு அறையில் கட்டுப் போட்டு எல்லோரும் போன பிறகும் அவன் கட்டில் ஓரத்திலேயே நின்றான்.

"எனக்க காலைத்தானே நோக்குன?"

ததேயுஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றான்.

ஜஸ்டஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் திருவனந்தபுரம் போவல்ல" என்றான் பிறகு.

"போலே. நீ போவாம இருந்தா எனக்க காலு நேர ஆயிருமா? இல்ல நான் வளந்துருவேனா?"

ஜஸ்டஸ் போனான். அணி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றது. ஆனால் அவன் ஆட்டத்தைக் கண்ட ஒரு காலேஜ்காரர் அவனுக்கு இடம் தருவதாகச் சொன்னார். ததேயுஸ் அந்த வருஷப் பரீட்சையில் தேறவில்லை. மூன்று வருஷமாக அவனை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் சாமியார், இந்த முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போர்டிங்கில் அவன் கட்டில் வேறொரு பையனுக்குத் தேவைப்படுகிறது என்றார்.

பஸ் வரும் சாலைவரை கிருஷ்ணமணி கூட வந்தார். அவனுடைய பெட்டியை அவரே தூக்கி வந்தார். பட்டாள நடை அன்று அவரிடம் இல்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "நீ இன்னும் வளருவேண்ணுதாண்டே நெனச்சேன்" என்றார். மன்னிப்புக் கேட்கிறாரா, குறை சொல்கிறாரா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. அம்மை வேளாங்கண்ணி காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவினாள். கால் ஊன்ற முடிந்ததும் ஏசுஅடிமை, "நாளைக்கு மரத்துக்கு வா" என்றார்.

அலை தாண்டுவதற்குள் ததேயுஸ் மரத்தின்மேல் குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தான். துடுப்பைப் பிடித்தால் உள்ளங்கை கொப்புளித்துப் பொத்துப்போயிற்று. முழங்காலை மடக்கி உட்கார முடியவில்லை. மரத்தில் மடக்காமல் உட்கார இடமும் இல்லை. பக்கத்து மரத்தில் பத்து வயதுப் பயல் ஒருவன் நின்றுகொண்டே துடுப்புப் போட்டபடி அவனைப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை, பாவப்பட்டான். அது இன்னும் கேவலமாக இருந்தது. கூடப் படிக்காமல் கடலுக்குப் போன அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்போது காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே மீன்பாடு எங்கே என்று சொல்கிறவர்கள். நாலு வருஷம் அவர்கள் கடலில் இருந்தார்கள்.

மூன்று நாள் பார்த்துவிட்டு ஏசுஅடிமை கரையில் நின்று கேட்டார்: "படிப்பும் வரல்ல. கடலும் வரல்ல. அங்க ஒனக்கு என்னத்தைத்தான் பழக்கினாவ?"

லீமாதான் குறுக்கே வந்தாள். நாலு வருஷக் கடவத்தில் அவள் உச்சந்தலை முடி தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது. "அவன்கிட்ட ஏன் கேக்குதீரு? பதிமூணு வயசுல அவனா போறேண்ணு சொன்னான்? நாமதான் எல்லாரும் அவன் மீசையப் பாத்தோம்" என்றாள். ஏசுஅடிமை வலையை உதறினார்.

அன்று முதல் ததேயுஸ் கரமடி இழுக்கப் போனான். கரையில் நின்று பெருவலையின் கயிற்றை இழுக்கும் வேலை அது. கிழவர்களும் சிறுபிள்ளைகளும் கடலுக்குப் போக ஆகாதவர்களும் அதில் இருந்தார்கள். காலை ஊன்றி இழுக்க அவனுக்கு முடிந்தது. மாதங்கள் போகப் போக, காற்றில்லாத நாட்களில் அப்பனோடு மரத்திலும் ஏறிப் பார்த்தான். வாந்தி குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை.

மறு வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஜஸ்டஸ் காலேஜிலிருந்து வந்தான். மாலையில் கடற்கரையில் பையன்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ததேயுஸ் தள்ளி, மடிவலை காயப்போடும் இடத்தில், இழுக்கும் முறைக்குக் காத்து உட்கார்ந்திருந்தான். ஜஸ்டஸ் பந்தோடு வந்து அவன் முன்னால் நின்றான்.

"ஒரு ஆள் குறையுது. வாறியா?"

"காலு ஆகாது."

"ஓடாண்டாம். சும்மா நின்னு தட்டு."

ததேயுஸ் மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டான். எவரிடமும் சொல்லாதது அப்போது தானாக வந்தது.

"எனக்குப் பந்த நிறுத்தத் தெரியாதுலே. ஒருத்தரும் பழக்கல்ல."

"தெரியும்" என்றான் ஜஸ்டஸ்.

"தெரியுமா? பின்ன ஏன் நீ பறயல்ல?"

"பறஞ்சா நீ கேட்டிருப்பியா? நீ அப்பம் எங்கள எல்லாம் குனிஞ்சுல்லா பாத்தே."

அது நியாயம்தான். ததேயுஸுக்குக் கோபம் வரும் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள்; வரவில்லை. கேட்டிருப்பேனோ என்னவோ, யாராவது ஒருத்தர் சொல்லித்தான் பார்த்திருக்கலாம் என்று நினைத்தான். அன்று வரிசையில் நின்றபோது தானாகவே பழக்கித்தரக் கேட்டிருக்கலாம்.

கரமடிக்காரர்கள் கூப்பிட்டார்கள். வலை கரைக்கு நெருங்கிவிட்டது. ததேயுஸ் கையை ஊன்றி எழுந்தான். நல்ல காலை முன்னால் வைத்து, ஆகாத காலை இழுத்துக்கொண்டு, கயிற்றை நோக்கி நடந்தான். ஜஸ்டஸ் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். பையன்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.